ஃப்ளூ ஊசியை எப்போது போடுவது, மாமியாரிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: காங்கேயத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். மாமியாருக்கு 68 வயது. சர்க்கரையும் இழுப்பும் உண்டு. மருத்துவர் ஃப்ளூ ஊசி போடச் சொல்கிறார். கொரோனா ஊசிக்குப் பின் மாமியார் இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தார். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஊசி போட்ட சில நாள்களில் மாரடைப்பில் இறந்துபோனார். அதிலிருந்து எந்த ஊசியும் வேண்டாம் என்கிறார். மருந்துக் கடையிலோ புதிய சரக்கு வரவில்லை என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரிக்கு, காலத்தைப் பற்றிய கேள்விக்கு விடை எளிது. தமிழ்நாட்டில் ஃப்ளூ பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, ஐப்பசி, கார்த்திகையில் மிகுகிறது. ஊசி போட்டபின் எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். மாதங்கள் செல்லச் செல்ல அது குறைந்தும் விடும். ஆகவே ஆவணியிலோ புரட்டாசி முற்பாதியிலோ போடுவது பொருத்தம். வடகோளத்து ஊசியில், அதாவது பூமியின் வடபாதி நாடுகளுக்கான ஊசியில், எந்த வைரஸ் வகைகள் இடம்பெற வேண்டும் என்பதை உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் அறிவிக்கிறது. அதன்பின் தயாரித்துக் கடைக்கு வரப் பல மாதங்கள் ஆவதால்தான் காத்திருக்கச் சொல்கிறார்கள். தாமதமாகிக் கார்த்திகை வந்துவிட்டாலும் போடுங்கள். தை, மாசியிலும் இந்நோய் பரவுவதுண்டு.

கடினமானது இரண்டாவது கேள்வி. மாமியாரின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்க வேண்டாம். தம் கண்ணால் கண்டதை வைத்துத்தான் அவர் பேசுகிறார். நாய் கடித்தால் நம்மில் யாரும் மறுபேச்சின்றிக் கையை நீட்டுகிறோம். அந்த மருத்துவத்துக்காகவே 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் எழுந்தது. கடித்த நாய் கண்ணுக்குத் தெரிகிறது, ஃப்ளூ தெரிவதில்லை. அந்தப் பெரியவரின் இறப்புக்குக் காரணம் என்ன என்று அவரைப் பார்த்திராத நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நீங்களும் மாமியாரிடம் அதை வாதாட வேண்டாம். ஆனால் ஒன்றை நிதானமாகச் சொல்லுங்கள்: ஃப்ளூ உறுதியான முதல் ஒரு வாரத்தில் மாரடைப்பு ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 6 மடங்காக உயர்வதை 2018இல் வெளியான கனடா ஆய்வு காட்டியது. எந்த மாரடைப்புக்கு அவர் அஞ்சுகிறாரோ, அதற்கு இந்த நோயே ஒரு காரணமாகலாம்.

ஊசியைப் பற்றி மிகைப்படுத்தி எதையும் சொல்லாதீர்கள். "இதைப் போட்டால் சளியே பிடிக்காது" என்று சொல்லிவிட்டு அடுத்த வாரமே அவருக்கு மூக்கு ஒழுகினால், ஊசியோடு உங்கள் சொல்லும் மதிப்பிழந்துவிடும். வைரஸோடு நன்கு பொருந்திய ஆண்டுகளில்கூட, மருத்துவரிடம் போகும் அளவுக்கான ஃப்ளூ நோயை இது 40 முதல் 60 விழுக்காடு வரைதான் குறைக்கிறது. சாதாரணச் சளியைத் தடுப்பதில்லை. நோய் வந்தாலும் மருத்துவமனையில் படுக்கும் நிலைக்குப் போகாமல் இருக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதே முதியவர்களுக்கு இதன் முதன்மைப் பயன். ஓரிரு நாள் கைவலியும் இலேசான காய்ச்சலும் வரக்கூடும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கையில் போடும் வழக்கமான ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லாததால் அதனால் ஃப்ளூ வராது. முன்பு ஏதேனும் ஊசிக்குக் கடும் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் மட்டும் மருத்துவரிடம் முதலிலேயே தெரிவிக்க வேண்டும்.

அரசின் வழக்கமான தடுப்பூசி அட்டவணையில் இது இல்லை. எனவே தனியாரிடம்தான் போட வேண்டியிருக்கும். ஒரு ஊசிக்கு மில் தொழிலாளியின் சில நாள் கூலி போய்விடுகிறது என்பது என் நெடுநாள் மனக்குறை. முதியோருக்கும் சர்க்கரை நோயாளிகளுக்குமாவது ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். உங்கள் பணம் வீணாகாமல் இருக்க, பெட்டியில் எந்தப் பருவத்துக்கான ஊசி என்பதையும் காலாவதித் தேதியையும் பாருங்கள். 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து அது. கடையில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெயிலில் பேருந்தில் வருவதைவிட, குளிர்பெட்டியில் வைத்திருக்கும் மருத்துவமனையிலேயே போட்டுக்கொள்வது நல்லது. காய்ச்சலாக இருக்கும் நாளைத் தவிர்த்துவிடுங்கள். இழுப்பும் இருப்பதால், நிமோனியா தடுப்பூசி வேண்டுமா என்றும் அப்போதே கேளுங்கள்; மருத்துவர் சரியென்றால் இரண்டையும் ஒரே நாளில் வெவ்வேறு கையில் போட்டுக்கொள்ளலாம்.