கதைப் புத்தகம்தானே?

அன்புள்ள ஐயா,

நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பள்ளியில் லத்தீன் எடுத்திருக்கிறாள். வேற்றுமை அட்டவணைகளையும் வினைத்திரிபுகளையும் மனப்பாடம் செய்யவைப்பார்கள் என்று நினைத்திருந்தேன். ஆசிரியையோ புராணக் கதைகளை மிக எளிய லத்தீனில் சொல்லும் குறுநாவல்களைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார். இப்போது, படம் போட்ட, கிரேக்கப் புராண வீரன் பெர்சேயுஸின் கதை. மொத்தமே நூறு சொற்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கதைப் புத்தகம்தானே என்று அதை வாங்கி வைத்துவிட்டு, தினமும் ஓர் அட்டவணை எழுதச் சொல்கிறேன். என்மேல் கோபமாக இருக்கிறாள். தனியாக ட்யூஷன் வைக்கலாமா? உச்சரிப்பை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள், எது சரி? பிற்காலத்தில் மருத்துவப் படிப்புக்கு லத்தீன் உதவுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்தப் புத்தகத்தைப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

மருத்துவப் படிப்பைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. ஒரு பிள்ளை ஆசையாக ஒரு மொழியைப் படிக்கும்போது அதில் என்ன லாபம் என்று கேட்காதீர்கள். உச்சரிப்பா? பழைய ரோமானியர் உச்சரிப்பில் சீசர் 'கைசார்', திருச்சபை வழக்கில் வேறு. பள்ளியில் எதைச் சொல்லித் தருகிறார்களோ அதையே பின்பற்றட்டும்.

என்னைக் குத்தியது 'கதைப் புத்தகம்தானே' என்ற உங்கள் அலட்சியம். சில நாட்களாக நான் என் பெரிய மாமாவை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

மாமா இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1960களில் கத்தோலிக்கத் திருச்சபை கூட்டிய பேரவை) முந்தைய காலத்தில் குருமடத்தில் படித்தவர். குருவாகாமல் ஊர் திரும்பிப் பள்ளிக்கூட வாத்தியார் ஆனார். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து 'ரோசா, ரோசே, ரோசே, ரோசாம்' என்று தொடங்கினால், பெயர்ச்சொல்லின் ஐந்து வகைகளையும் மூச்சுவிடாமல் ஒப்பித்து முடிப்பார். சிறுவர்களான நாங்கள் ஏதோ மந்திரம் என்று வாய்பிளந்து கேட்டுக்கொண்டிருப்போம். ஆனால் அவர் ஒரு லத்தீன் பக்கத்தை விரும்பி வாசித்து நான் பார்த்ததே இல்லை. லத்தீன் என்றால் அவருக்கு அட்டவணையும், சீசரின் போர்க்குறிப்புகளும், அதற்காக வாங்கிய அடியும்தான்.

அவருக்கு வயதான பிறகு ஒருமுறை, பிரான்சிஸ் ரிச்சி என்ற ஆங்கிலேயர் 1884இல் வெளியிட்ட எளிய கதைத் தொகுப்பிலிருந்து சில பக்கங்களைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு எடுத்துப்போனேன். பெர்சேயுஸ், ஹெர்குலிஸ், ஆர்கோ கப்பலில் போனவர்கள், யுலிசிஸ் ஆகியோரின் கதைகள் அதில் உண்டு. முதல் கதையில் அக்ரிசியுஸ் தன் மகள் டானேயையும் அவளுடைய கைக்குழந்தை பெர்சேயுஸையும் மரப்பெட்டியில் அடைத்துக் கடலில் எறிகிறான். புயல் கடலைக் கலக்குகிறது. தாய் நடுங்குகிறாள். அடுத்த வரி: 'பெர்சேயுஸ் ஔதெம் இன் சினூ மாத்ரிஸ் தோர்மியேபாத்.' மாமா விரலை வரியின்மேல் வைத்தபடியே நிமிர்ந்தார். "குழந்தை அம்மா மடியில் தூங்குகிறதடா!" என்றார்.

'சினூ' என்ன வேற்றுமை என்று கேட்டிருந்தால் தூக்கத்திலும் சொல்லியிருப்பார். அப்போது அது அவர் நினைவிலேயே இல்லை. அலையும் பெட்டியும் குழந்தையும் மட்டுமே இருந்தன. அன்று நான்கு பக்கங்களையும் முடித்துவிட்டுத்தான் சாப்பிட வந்தார். "இதை ஏன் எங்களுக்கு அப்போதே கொடுக்கவில்லை?" என்று கேட்டார். கோபமாகவே கேட்டார். உங்கள் மகளின் கோபமும் அதுதான், எஸ்.

வாசிப்பது வேறு, புதிரை அவிழ்ப்பது வேறு. பழைய லத்தீன் வகுப்பில் நடந்தது இரண்டாவது. வாக்கியத்தின் கடைசிக்குப் போய் வினையைப் பிடி, அதற்கு எழுவாயைத் தேடு, மீதமுள்ள சொற்களை அகராதியில் பார், எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கோத்து எழுது. ஒரு வகுப்பு முழுதும் போராடினால் நான்கைந்து வரி நகரும். சீசர் என்ன சொன்னார் என்பது அதற்குள் மறந்திருக்கும். இதை லத்தீன் வாசிப்பு என்று எப்படிச் சொல்வது? ஒரு பக்கத்தை யார் துணையுமின்றிச் சரளமாக வாசிக்க, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுச் சொற்களாவது முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று பால் நேஷன் போன்ற மொழி ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். சீசரையோ ரோமானியக் கவிஞர் ஒவித்தையோ தொடக்க மாணவி கையில் கொடுத்தால், தெரிந்த சொல்லைத்தான் தேட வேண்டியிருக்கும். லத்தீனில் நமக்குக் கிடைத்திருப்பதில் பெரும்பகுதி கற்றவர்கள் கற்றவர்களுக்காக எழுதியது. இடையில் உள்ள பள்ளத்தை யாராவது எழுதித்தானே நிரப்ப வேண்டும்? அமெரிக்காவில் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பள்ளி ஆசிரியர்களே அதைச் செய்கிறார்கள். தங்கள் செலவில் அச்சிடுபவர்களும் உண்டு.

நூறு சொற்கள்தான் என்று குறைப்பட்டீர்கள். சொற்களைத்தான் குறைத்திருக்கிறார்கள், இலக்கணத்தை அல்ல. இப்படி ஒரு இடம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 'மெதூசா தோர்மித். பெர்சேயுஸ் மெதூசாம் நோன் ஸ்பெக்தாத். காபுத் மெதூசே இன் க்லிபெயோ ஸ்பெக்தாத்.' கண்டவரைக் கல்லாக்கும் அரக்கி மெதூசா தூங்குகிறாள். பெர்சேயுஸ் மெதூசாவைப் பார்க்கவில்லை. மெதூசாவின் தலையைக் கேடயத்தில் பார்க்கிறான். மூன்றே வாக்கியங்களில் மெதூசா என்ற ஒரே பெயர் மூன்று வேற்றுமைகளில் வந்துவிட்டது. நேராகப் பார்த்தால் கல்லாகிவிடுவானே என்று பதறிக்கொண்டு வாசிக்கும் பெண்ணுக்கு, யார் பார்க்கிறார், யாரைப் பார்க்கிறார் என்பதில் உயிர் இருக்கிறது. 'மெதூசாம்' அவளுக்கு ஆயுசுக்கும் மறக்காது. நீங்கள் எழுதச் சொல்லும் அட்டவணையில் யாரும் கல்லாவதில்லை.

இதெல்லாம் புதிதாக வந்த மோகம் என்றும் எண்ண வேண்டாம். நம் வீரமாமுனிவர் தமிழுக்கு லத்தீனிலேயே இலக்கணம் எழுதியவர். அகராதியும் செய்தார். அப்படிப்பட்டவர் பரமார்த்த குருவையும், மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களையும் ஏன் படைத்தார்? தமிழ் கற்க வந்த ஐரோப்பியப் பாதிரிமார் வாசித்துப் பழகுவதற்காகத்தான். பக்கத்திலேயே லத்தீன் மொழிபெயர்ப்பையும் தாமே எழுதிச் சேர்த்தார். ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்க்கும் கதையைச் சொல்லித் தமிழ் கற்பிக்க அவருக்குக் கூச்சமில்லை. இலக்கணத்தைக் கரைத்துக் குடித்தவருக்கே இலக்கணம் மட்டும் போதாது என்று தெரிந்திருந்தது. உங்களுக்கு மட்டும் ஏன் இந்தக் கௌரவப் பிரச்சினை?

எனக்கும் இந்தக் குறுநாவல்களிடம் ஒரு மனக்குறை உண்டு, அது வேறு. சிறுவர்களுக்குத்தானே என்று புராணத்தின் முள்ளைப் பிடுங்கிவிடுகிறார்கள். பாதாளத்தின் அரசன் ப்ரோசெர்பினாவைத் தூக்கிச் செல்வதைக் காதல் கதையாக்குவதை என்னால் ஏற்க முடியாது. ஒவித் தம் 'மெட்டமார்ஃபோசஸ்' காவியத்தின் ஐந்தாம் காண்டத்தில் அதைச் சொல்கிறார். பூப்பறித்துக்கொண்டிருந்தவளை அவன் வாரிக்கொண்டு போகிறான். அவள் அம்மாவைக் கூவி அழைக்கிறாள். ஆடை கிழிந்து, மடியில் சேர்த்த பூக்கள் கீழே விழுகின்றன. அந்தப் பூக்களுக்காகவும் அழுகிறாள், அத்தனை சின்னப் பெண். இதைச் சொல்லக் கடினமான லத்தீன் எதுவும் தேவையில்லை. 'ஃப்லோரெஸ் காதுன்த். ப்ரோசெர்பினா ஃப்லெத்.' நான்கு சொற்கள். பூக்கள் விழுகின்றன, ப்ரோசெர்பினா அழுகிறாள். எளிமையாக எழுதுகிறவர்கள் கதையை மழுக்க வேண்டியதில்லை. உங்கள் மகள் வயதுப் பெண்ணுக்கு இதைத் தாங்கும் மனம் உண்டு. நம்மைவிட அதிகமாகவே உண்டு.

அட்டவணையை எரிக்கச் சொல்லவில்லை. பிறகு, அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எழுதும் ஏ.பி. தேர்வில் ரோமானியக் கவிஞர் வெர்ஜில் வருவார், அப்போது இலக்கணம் துல்லியமாக வேண்டும். 'மெதூசாம்' போன்றவற்றைப் பல கதைகளில் பார்த்துப் பழகியபின் அட்டவணையைக் காட்டினால், தனக்கு ஏற்கெனவே தெரிந்ததை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள் என்று அவளே கண்டுகொள்வாள்.

ட்யூஷன் வேண்டாம். அந்தப் பணத்தில் இதே அளவு எளிய புத்தகங்கள் இன்னும் சில வாங்கிக் கொடுங்கள். அவை முடிந்ததும் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் ஓர்பெர்கின் பாடநூலைத் தேடிப் பிடியுங்கள். 'ரோமா இன் இத்தாலியா எஸ்த்' என்று தொடங்கி முழுதும் லத்தீனிலேயே நடக்கும். இருபத்தைந்தாம் பாடத்தில் கிரேக்க வீரன் தெசேயுஸ், காளைத்தலை அரக்கன் மினோடாரைக் கொல்வான். இரவில் அவளை ஒரு பக்கம் உரக்க வாசித்துக் கதையை உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். நடுவில் புகுந்து திருத்தாதீர்கள்.

அன்புடன்.