2004 உக்ரைன் தேர்தல்: மக்கள் எழுச்சியா, வெளிநாட்டுச் சதியா?

2004 அதிபர் தேர்தல் முடிவை எதிர்த்து உக்ரைன் தலைநகர் கீவில் திரண்ட கூட்டம் மேற்கு நாடுகள் தூண்டிவிட்டதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். வெளித்தலையீடு இரு பக்கமும் இருந்தது. ரஷ்ய அதிபர் புதின், அதிகாரபூர்வ முடிவு வெளிவரும் முன்பே, அரசுத் தரப்பு வேட்பாளரான யானுகோவிச்சுக்கு வாழ்த்துத் தெரிவித்தார். அமெரிக்க, ஐரோப்பிய நிதி தேர்தல் கண்காணிப்புக்கும் வாக்குக்கணிப்புக்கும் சென்றது. ஆனால் இவற்றைப் பேசிப் பேசியே, நடந்த முறைகேட்டை மறந்துவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நவம்பர் 21 இரண்டாம் சுற்றில், யானுகோவிச்சின் சொந்த மாகாணமான தோனெத்ஸ்கில் 96 விழுக்காட்டுக்கும் மேல் வாக்குப்பதிவு என்று கணக்குக் காட்டப்பட்டது. அரசுத் தொலைக்காட்சிச் செய்தியில், திரையின் மூலையில் தெரிந்த சைகைமொழிப் பெயர்ப்பாளர் ஒருவர், வாசிக்கப்பட்டதை விட்டுவிட்டு, யானுகோவிச் வென்றதாக அறிவிக்கப்பட்ட முடிவு பொய் என்று காது கேளாதோருக்குத் தம் கைகளாலேயே சொன்னார். அந்தத் துணிவுக்கு எந்த வெளிநாடும் சம்பளம் கொடுக்கவில்லை.

டிசம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றைச் செல்லாது என்றது. டிசம்பர் 26 மறுவாக்குப்பதிவில் எதிர்க்கட்சி வேட்பாளர் யுஷ்செங்கோ சுமார் 52 விழுக்காடு பெற்று வென்றார். அப்போதும் தோனெத்ஸ்கில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் யானுகோவிச்சுக்கே வாக்களித்தனர். மேற்கே லிவிவ் மாகாணத்தில் நிலைமை நேர்மாறு. நிலக்கரிச் சுரங்கங்களையும் உருக்காலைகளையும் நம்பி வாழ்ந்த, பெரும்பாலும் ரஷ்ய மொழி பேசிய கிழக்குப் பகுதி மக்களின் அந்த வாக்குகளை மாஸ்கோவின் ஏவல் என்று ஒதுக்குவதும், கீவ் கூட்டத்தை மேற்கின் தூண்டுதல் என்று ஒதுக்குவதைப் போலவே தவறுதான்.