திரும்பி வரும் நோயாளி

வணக்கம் டாக்டர். டிஎன்பி (எம்பிபிஎஸ் முடித்த பின் படிக்கும் முதுநிலைப் படிப்பு) ஃபேமிலி மெடிசின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். பயிற்சி மருத்துவர்களின் திருப்தியைப் பற்றித் தீசிஸ் செய்கிறேன். 40 கேள்விகள் இணைத்திருக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். இது போதுமா? ஸ்டைபெண்ட் பற்றியும், "எதில் ஸ்பெஷலிஸ்ட்?" என்று சொந்தக்காரர்கள் கேட்பது பற்றியும் சேர்க்கலாமா?
- ர., திருச்சி

அன்புள்ள ர.,

ஸ்டைபெண்டுக்கு ஒரு கேள்வி போதும். சொந்தக்காரர்கள் கேட்பது வலிக்கும்தான், ஆனால் அது பயிற்சியின் குறை இல்லை. விட்டுவிடுங்கள்.

பிரசவம், தையல், நூலகம், விடுதிச் சாப்பாடு எல்லாம் கேட்டிருக்கிறீர்கள். ஒரே நோயாளியை எத்தனை முறை பார்த்தீர்கள் என்ற கேள்வி எங்கே? ஒரே நோயாளியைத் தொடர்ந்து பார்ப்பதுதானே ஃபேமிலி மெடிசின்? அதைப் படிக்கிற நீங்களே இதை மறந்தால் வேறு யார் கேட்பார்கள்? கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

உங்கள் பயிற்சி எப்படி நடக்கிறது? சில மாதம் மெடிசின், சில மாதம் மகப்பேறு, பிறகு குழந்தைகள், சர்ஜரி. போகிற யூனிட்டில் எல்லாம் நீங்கள் கூடுதலாகக் கிடைத்த ஒரு ஆள். டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவீர்கள், ரத்தம் எடுப்பீர்கள். கை பழகுகிறது, அதனால் 4 போடுவீர்கள். அந்த 4 சர்ஜரி போஸ்டிங்குக்குக் கிடைத்தது, ஃபேமிலி மெடிசினுக்கு இல்லை.

புதிதாகச் சர்க்கரை கண்ட ஒருவருக்கு ஓபியில் மெட்ஃபார்மின் 500 மி.கி. இரண்டு வேளை எழுதுகிறீர்கள். நான்காம் நாள் வயிற்றுப்போக்கு. யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். மூன்று மாதம் கழித்து வருகிறார், ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) குறையவே இல்லை. அப்போது நீங்கள் லேபர் வார்டில் இருப்பீர்கள். ஓபியில் இருக்கும் புது டாக்டர் "டோஸ் போதவில்லை" என்று கிளிமிபிரைடு என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரையைச் சேர்க்கிறார். இனி சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழும் அபாயமும் உண்டு. செய்திருக்க வேண்டியது சின்ன விஷயம்: "மாத்திரையை விடாமல் சாப்பிட்டீர்களா?" என்று கேட்டு, சாப்பாட்டோடு ஒரு வேளை 500-இல் மறுபடி ஆரம்பித்து, வாரம் பார்த்துக் கூட்டுவது. தன் சீட்டு பலிக்கவில்லை என்பதே எழுதியவருக்குத் தெரியாது. அவரும் உங்கள் படிவத்தில் "திருப்தி" என்றுதான் டிக் அடிப்பார். கிடைக்காததை எதை வைத்து அளப்பார், பாவம்.

அமெரிக்காவில் மூன்றாண்டு ஃபேமிலி மெடிசின் ரெசிடென்சியில், தன் நோயாளிகளைப் பார்க்கும் கிளினிக்கில் குறைந்தது 1,000 மணி நேரம் இருந்தாக வேண்டும் என்று 2023-இல் விதி வந்தது. இங்கே எந்த போஸ்டிங்கில் இருந்தாலும் வாரம் ஓர் அரைநாள், 4 மணி நேரம், அதே ஓபி அறை என்று வைத்தாலும் ஆண்டுக்கு 48 வாரத்தில் மூன்றாண்டுக்கு 576 மணிதான். அதையாவது கேட்டு வாங்குங்கள்.

கேட்கும் விதம் முக்கியம். யூனிட் சீஃபிடம் வாய்மொழியாக அனுமதி வாங்கினால், ஆபரேஷன் நாளில் ஆள் போதாதபோது அந்த அனுமதி போய்விடும். ஆண்டுத் தொடக்கத்திலேயே ட்யூட்டி ராஸ்டரில் ஏறவேண்டும். முந்தின நாள் நைட் ட்யூட்டி கூடாது. ஓபி சீட்டில் உங்கள் பெயரும் அடுத்த தேதியும் இருக்க வேண்டும். பதிவு கவுண்டரில் இருப்பவரிடமும் சொல்லிவையுங்கள், இல்லையென்றால் டோக்கன் காலியான அறைக்குப் போய்விடும். இப்படித் தொடர்ந்து பார்க்க 30 நோயாளிகள் இருந்தால் போதும்: சர்க்கரை, பி.பி., ஆஸ்துமாக் குழந்தை, ஒரு கர்ப்பிணி, படுக்கையில் கிடக்கும் ஒரு முதியவர்.

விடுதி, நூலகக் கேள்விகளில் ஐந்தை எடுத்துவிட்டு, ஒரே நோயாளியை எத்தனை முறை பார்த்தீர்கள், எழுதிய சீட்டு பலித்ததா என்று எத்தனை பேரிடம் தெரிந்துகொண்டீர்கள், அதே ஓபி அறையில் எத்தனை அரைநாள் இருந்தீர்கள் போன்ற கேள்விகளைச் சேருங்கள். மதிப்பெண்ணாகக் கேட்காதீர்கள், எண்ணிக்கையாகக் கேளுங்கள். எதிக்ஸ் கமிட்டி பழைய படிவத்துக்கு ஏற்கெனவே ஒப்புதல் தந்திருந்தால், திருத்தத்தை அனுப்பி அனுமதி வந்த பிறகே முதல் படிவத்தைக் கொடுங்கள்.