இறுக்கினால் மட்டும் போதுமா? பைக் செயின் கேள்வி பதில்

பெங்களூரில் பைக் ஓட்டும் நம் ஆட்கள் செயினைப் பற்றி என்னிடம் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கு நான் சொன்ன பதில்களும் இவை. கேட்டவர்களின் ஏரியாவை மட்டும் போட்டிருக்கிறேன்.

ஈஜிபுரா: அண்ணா, தினமும் சில்க் போர்டு வழியாக எலக்ட்ரானிக் சிட்டி போய் வருகிறேன். செயின் கடகடவென்று அடிக்கிறது. மெக்கானிக் இறுக்கித் தருகிறார், கொஞ்ச நாளில் மறுபடி லூஸ். இப்படியே இறுக்கி ஓட்டலாமா?

கூடாது தம்பி. செயின் நீளமாவது தகடு இழுபடுவதால் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தேய்வது உள்ளே இருக்கும் பின் என்ற சின்னத் தண்டும் அதைச் சுற்றியுள்ள புஷ் என்ற குழலும். கண்ணி மடங்கி நிமிரும் ஒவ்வொரு முறையும் இரண்டும் உரசுகின்றன. ஒரு பின்னில் மயிரிழை அளவு தேய்ந்தாலும், நூற்றுச் சொச்சம் கண்ணிகளிலும் அது சேரும்போது செயின் தொங்க ஆரம்பிக்கிறது. சக்கரத்தைப் பின்னால் தள்ளி இறுக்கினால் தொய்வு போய்விடும், தேய்மானம் அப்படியே இருக்கும். கண்ணிகளின் இடைவெளி கூடிவிட்ட செயின், ஸ்ப்ராக்கெட் என்ற பல்சக்கரத்தின் பல்லடியில் உட்காராமல் மேலே ஏறி ஓடும். அது பல்லையும் கொக்கி போல வளைத்துத் தேய்த்துவிடும்.

சிக்னலில் நின்று, கிளட்ச் விட்டு, பத்தடி போய் மறுபடி நிற்கும்போது ஒவ்வொரு முறையும் செயின் சுண்டி இழுபடுகிறது. அதோடு ரோட்டு வேலைத் தூசியும் மழைச் சேறும் வேறு. ஹைவேயில் அதே தூரம் ஓடிய வண்டியைவிட உங்கள் செயின் சீக்கிரம் தேய்வதில் ஆச்சரியமில்லை. பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் இருக்கும் கோடுகளைப் பாருங்கள். அட்ஜஸ்டர் கடைசிக் கோட்டுக்கு வந்துவிட்டால் இனி இறுக்கச் சொல்லாதீர்கள், செட்டை (செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும்) மாற்றுங்கள்.

அல்சூர்: தேய்ந்ததை வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு, இரண்டு நிமிட வேலை. பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்பக்க நடுவில் செயினை விரலால் பிடித்துப் பின்னோக்கி இழுங்கள். பாதிப் பல்லுக்கு மேல் வெளியே தெரிந்தால் அதன் காலம் முடிந்தது. இன்னும் சரியாகத் தெரிய வேண்டுமானால் அளந்து பாருங்கள். செயினை விறைப்பாக வைத்து, ஒரு பின்னின் மையத்திலிருந்து 21ஆவது பின்னின் மையம் வரை அளக்க வேண்டும். அது 20 கண்ணி தூரம். செயின் தகட்டில் 428 என்று அளவு முத்திரை இருந்தால் புதிதில் 254 மி.மீ. இருக்கும். 257ஐ நெருங்கினால் புது செட்டுக்குப் பணம் எடுத்து வையுங்கள், 259 வந்தால் அதை ஓட்டாதீர்கள். 520 செயினுக்குப் புது அளவு 317.5. அது 323ஐத் தொட்டால் கழற்ற வேண்டியதுதான். வண்டியோடு வந்த கையேட்டில் இதைவிடக் குறைந்த வரம்பு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். செயின் முழுக்க ஒரே மாதிரி தேயாது, அதனால் நாலைந்து இடங்களில் அளந்து பாருங்கள்.

ஸ்ரீராம்புரம்: என் மெக்கானிக் இரண்டு கண்ணியை எடுத்துவிட்டு, இரு முனையையும் சேர்க்கும் லாக் போட்டுக் கொடுத்தார். இப்போது சத்தமே இல்லை. நல்லதுதானே சார்?

நல்லதில்லை. தயவுசெய்து அந்த வண்டியில் வேகமாகப் போகாதீர்கள். இனி இறுக்க இடமில்லாத அளவுக்குத் தேய்ந்த செயினைத்தான் வெட்டிச் சின்னதாக்கியிருக்கிறார். மிச்சமிருக்கும் கண்ணிகள் எல்லாமே தேய்ந்தவை. சத்தம் நின்றதால் உங்களுக்கு இருந்த ஒரே எச்சரிக்கையும் போய்விட்டது. இந்த வாரமே முழு செட்டையும் மாற்றுங்கள்.

விவேக் நகர்: மாதம் ஒருமுறை கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாக சேலம் போவேன். ஓடும்போது செயின் அறுந்தால் என்ன ஆகும்? வண்டி நின்றுவிடும், அவ்வளவுதானே?

அவ்வளவோடு தப்பித்தால் அதிர்ஷ்டம். அறுந்த செயின் சும்மா ரோட்டில் விழுந்துவிடும் என்று நம்ப முடியாது. முன் ஸ்ப்ராக்கெட் சுற்றிக்கொண்டே இருப்பதால் அது செயினை உள்ளே இழுத்து, என்ஜின் கேசுக்கும் பல்லுக்கும் நடுவில் சுருட்டித் திணிக்கலாம். அலுமினியக் கேஸ் உடைந்து ஆயில் வெளியே வரும். அந்த ஆயில் பின் டயரில் பட்டால் வண்டி வழுக்கும். செயின் பின்பக்கம் போய்ச் சக்கரத்துக்கும் ஸ்விங் ஆர்முக்கும் இடையில் சிக்கினால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். நல்ல வேகத்தில் பின் சக்கரம் நின்றுபோனால் வண்டி எந்தப் பக்கம் சரியும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதுவும் பின்னால் லாரி வரும் ரோட்டில். செயின் சுழன்று காலில் அடிக்கும் ஆபத்தும் உண்டு. அறுபடாமல், லூஸாக இருந்து பல்லிலிருந்து கழன்றாலும் இதே கதைதான்.

நீங்கள் தொப்பூர் கணவாயில் இறங்குகிறவர். செயின் போனால் என்ஜின் பிடிப்பும் போய்விடும். கியரைக் குறைத்து வேகத்தை அடக்க முடியாது, இறக்கம் முழுக்க பிரேக்கை மட்டுமே நம்ப வேண்டும்.

திடீரென்று என்ஜின் உறுமி, இழுப்பு இல்லாமல் போனால் உடனே ஆக்ஸிலேட்டரை விட்டு, கிளட்சைப் பிடியுங்கள். குனிந்து பார்க்காதீர்கள். ஹேண்டிலை நேராக வைத்து, இரண்டு பிரேக்கையும் மெதுவாக அழுத்தி, இண்டிகேட்டர் போட்டு இடது ஓரம் வாருங்கள். பின் சக்கரம் பூட்டிக்கொண்டால் பின் பிரேக்கைத் தொடாதீர்கள், வண்டியைத் திருப்பப் பார்க்காதீர்கள், முன் பிரேக்கை மட்டும் பதமாகப் பிடியுங்கள். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: கிளம்புவதற்கு முந்தைய நாளே செயினைப் பாருங்கள். காலையில் அவசரத்தில் பார்ப்பது பார்த்ததாகாது.

முருகேஷ்பாளையா: லாக் கிளிப் எந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும்?

மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மேல் பக்கச் செயினில் வைத்துப் பார்த்தால், மூடிய முனை முன்னால், திறந்த முனை பின்னால். மாற்றிப் போட்டால் எதிலாவது உரசும்போது கிளிப் கழன்றுவிடும். கிளிப் நழுவினால் பக்கத் தகடு கழன்று செயின் பிரிந்துவிடும், புது செயினாக இருந்தாலும் சரி.

சிவாஜிநகர்: லூஸாக இருப்பது ஆபத்து என்றால் நன்றாக விறைப்பாக வைத்துவிடலாமே?

அதுவும் ஆபத்துதான், என் கணக்கில் அதுதான் மோசம். ஆள் ஏறி உட்காரும்போதும் ஹம்ப்பில் ஏறி இறங்கும்போதும் ஸ்விங் ஆர்ம் மேலே போகும். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் மூட்டு, பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டில் வரும் நொடியில் இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில் உள்ள தூரம் மிக அதிகம். அந்த நேரத்துக்குத் தேவையான நீளம் செயினில் மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் கியர்பாக்ஸ் பேரிங் அடிவாங்கும், செயினும் அறுந்துபோகலாம். பெரும்பாலான சாதா வண்டிகளுக்குக் கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் மேலும் கீழுமாக 25 முதல் 35 மி.மீ. ஆட்டம் சரி. உங்கள் வண்டிக்கு உரியது ஸ்விங் ஆர்ம் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, மிக விறைப்பாக இருக்கும் இடத்தில் அளந்து வையுங்கள். பின் பிரேக் டிரம் வகை என்றால், சக்கரம் பின்னால் போனதும் பிரேக் ராடு இழுபட்டுப் பிரேக் பிடித்தபடியே இருக்கும். அதையும் தளர்த்திச் சரிபாருங்கள்.

கே.ஆர்.புரம்: சென்டர் ஸ்டாண்ட் போட்டு, கியரில் ஓடவிட்டுத் துணியால் துடைத்தால் சீக்கிரம் சுத்தமாகிறது அண்ணா.

வேண்டவே வேண்டாம் தம்பி. துணி சிக்கினால் விரலும் பல்லுக்குள் போகும், இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது. இப்படித்தான் விரல் துண்டாகிறது. என்ஜினை அணைத்து, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். கண்ணிகளில் ரப்பர் வளையம் உள்ள ஓ-ரிங் செயினென்றால் பெட்ரோல் தொடாதீர்கள், ரப்பர் கெட்டு உள்ளிருக்கும் கிரீஸ் போய்விடும். மண்ணெண்ணெயும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். துடைத்துக் காயவிட்டு, 90 எண் கியர் ஆயிலைக் கீழ்ப்பக்கச் செயினின் உள்புறத்தில் விட்டு, வழிவதைத் துடைத்துவிடுங்கள். மழையில் நனைந்தால் அன்றைக்கே ஆயில்.

மல்லேஸ்வரம்: என் வண்டியில் செயின் முழுக்க மூடிய கவர். அப்படியானால் கவலை இல்லைதானே?

தூசி குறையும், தேய்மானம் இருக்கும். கவரில் ரப்பர் மூடி உண்டு, அதைத் திறந்து ஆட்டம் பாருங்கள். சர்வீஸின்போது கவரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எச்.ஏ.எல்.: அம்மா சேலையில் பின்னால் உட்காருவார்கள். அழகுக்காகச் சாரி கார்டைக் கழற்றிவிட்டேன்.

இன்றைக்கே மாட்டிவிடுங்கள். முந்தானையோ துப்பட்டாவோ சக்கரத்திலும் செயினிலும் சுற்றினால் ஆளையே கீழே இழுத்துவிடும். கழுத்தில் சுற்றியிருந்தால் உயிரே போகலாம். பின்னால் உட்காருபவரின் துணி சிக்காமல் இருக்கப் பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு வேண்டும் என்று 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆவது விதியே சொல்கிறது.

பனசங்கரி: ஜே.சி. ரோட்டில் செட் வாங்கப் போகிறேன். செயின் மட்டும் வாங்கினால் செலவு குறையுமே?

தேய்ந்த பல்லில் புது செயினைப் போட்டால் புது செயினும் சீக்கிரம் கெட்டுவிடும். முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட், செயின் மூன்றையும் சேர்த்தே வாங்குங்கள். பழைய செட்டைக் கையோடு எடுத்துப் போய், தகட்டில் உள்ள எண், கண்ணி எண்ணிக்கை, இரண்டிலும் உள்ள பல் எண்ணிக்கை எல்லாம் ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே எண்ணிப் பாருங்கள். பின் சக்கரத்தின் நடுவில், ஹப்பில் இருக்கும் டிரம் ரப்பரும் நைந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். விலை கொஞ்சம்தான், மாற்றினால் கியர் போடும்போது வண்டி சுண்டி இழுப்பது நன்றாகக் குறையும்.