கண்ணில் கேஸ் இருக்கும்போது பெங்களூர் போகலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. விழித்திரை பிரிந்துவிட்டதால் வேலூரில் விட்ரெக்டமி (கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லை எடுக்கும் ஆபரேஷன்) செய்து கண்ணுக்குள் கேஸ் (வாயு) வைத்திருக்கிறார்கள். பத்து நாள் ஆகிறது. விமானத்தில் போகக் கூடாது என்றார்கள். நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். குடியாத்தத்திலிருந்து காரில் அழைத்துவந்து என்னோடு வைத்துக்கொள்ளலாமா?

பதில்: இப்போது வேண்டாம். விமானம் கூடாது என்பதே உயரத்துக்காகத்தான். அந்த உயரம் நீங்கள் வரும் சாலையிலும் இருக்கிறது. குடியாத்தம் 300 மீட்டர் உயரத்தை ஒட்டிய ஊர், பெங்களூரோ 900 மீட்டருக்கு மேல். அதிலும் பாதிக்கு மேல் கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் போவதற்குள் ஏறிவிடும். ஏலகிரிக்குப் போகும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குள் இருக்கும் கேஸும் அப்படித்தான் விரியப் பார்க்கும். ஆனால் கண்ணின் சுவர் விரிந்து கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறி, விழித்திரைக்கு ரத்தம் போவதே நின்றுவிடலாம். அப்படிப் போன பார்வை திரும்புவது கடினம். வேண்டுதலுக்காகத் திருமலைக்குக் கிளம்புகிறவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

எவ்வளவு நாள் காத்திருப்பது? டிஸ்சார்ஜ் சம்மரியில் கேஸின் பெயர் இருக்கும். எஸ்எஃப்6 என்றால் இரண்டு, மூன்று வாரத்தில் கரைந்துவிடும். சி3எஃப்8 என்றால் ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். கேஸ் குறையும்போது, பார்வையில் நீர்மட்டம் போல ஒரு கோடு கீழே இறங்குவது அப்பாவுக்கே தெரியும். பிறகு அது சின்னக் குமிழாகி மறையும். மறைந்துவிட்டது என்று அவர் சொன்னாலும், டாக்டர் பார்த்து உறுதி செய்த பிறகே கிளம்புங்கள். கேஸுக்குப் பதில் சிலிக்கான் எண்ணெய் வைத்திருந்தால் உயரம் பிரச்சினையில்லை, ஆனால் அதை எடுக்கப் பெரும்பாலும் இன்னொரு ஆபரேஷன் தேவைப்படும்.

அதுவரை, முடிந்தால் நீங்கள் குடியாத்தத்துக்கு வந்து அவரோடு இருங்கள். குப்புறப் படுத்தே இருக்கச் சொல்லியிருந்தால், பக்கத்தில் ஆள் இல்லாமல் பெரியவர்களுக்கு அது ரொம்பவே கஷ்டம். மல்லாந்து படுக்க விடாதீர்கள். செக்கப்புக்கு வேலூர் போய்வருவதில் உயரத்தால் சிக்கல் இல்லை.

கண்ணில் கடும் வலி, வாந்தி, திடீரென்று பார்வை மங்குவது, ஓரத்தில் திரை விழுவது போலத் தெரிவது, இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை பொறுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம், கேஸ் இருக்கும்போது வேறு எதற்காவது மயக்க மருந்து கொடுக்கவேண்டி வந்தால், கண்ணில் கேஸ் இருக்கிறது என்று மயக்க மருந்து டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மயக்கத்துக்குத் தரும் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைக் கொடுத்தால், உட்கார்ந்த இடத்திலேயே கண்ணுக்குள் இதே ஆபத்து வரும்.