மண்டல மேலாளரின் நகைச்சுவை

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 48. ஈரோட்டில் ஒரு வங்கிக் கிளையின் மேலாளர். சொந்த வீடு, கல்லூரியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். உனக்கென்னப்பா குறை என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் வயிற்றைப் பிசைகிறது. ஓய்வூதியப் பணத்தைப் போட வரும் பெரியவர்களின் தலையில் காப்பீட்டுத் திட்டத்தைக் கட்டச் சொல்லி மேலிடத்திலிருந்து இலக்கு வருகிறது, கட்டுகிறேன். போன மாதம் மண்டல மேலாளர் ஏதோ நகைச்சுவை சொன்னார். எல்லோரும் சிரித்தோம். என் சிரிப்பு மட்டும் தனியாக என் காதில் விழுந்தது. யாரோ சிரிப்பதுபோல் இருந்தது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, கோபிக்குப் பக்கத்தில் அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கரில் மஞ்சள் போட்டு, இனியாவது நானாக வாழலாம் என்று பார்க்கிறேன். மனைவிக்கு அதிர்ச்சியாகத்தான் இருக்கும், அவள் சமாளித்துக்கொள்வாள். இந்த வயதில் மன அமைதி என்பது உண்மையிலேயே கிடைக்கிற பொருள்தானா?

செ., ஈரோடு

அன்புள்ள செ.,

மஞ்சள் வயல்வரை போய்விட்டு, திரும்ப வந்து அந்தச் சிரிப்பில் நின்றுவிட்டேன். முப்பது வயதிலும் இதே சிரிப்பைச் சிரித்திருப்பீர்கள். அப்போது அதைக் கேட்க நேரம் இருந்திருக்காது. 1965இல் எலியட் ஜாக்ஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் இதற்கு நடுவயது நெருக்கடி என்று பெயர் வைத்தார். நம் ஊரில் நாற்பதுக்கு மேல் நாய்க்குணம் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங்குக்கு இது 37, 38 வயதில் வந்தது. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃபிராய்டோடு உறவு முறிந்து, திக்குத் தெரியாமல் இருந்த சமயம். பத்து வயதில் கல்லையும் சேற்றையும் வைத்து வீடு கட்டி விளையாடியது நினைவுக்கு வந்தது. சூரிச் ஏரிக்கரையில்தான் அவர் வீடு. மதியச் சாப்பாடு முடிந்ததும் கரைக்கு இறங்கிக் கல் பொறுக்கி, குட்டி வீடுகள், ஒரு கோட்டை, கடைசியில் ஒரு ஊர் என்று கட்டத் தொடங்கினார். ஊருக்குள் தேவாலயமும் இருந்தது. பீடம் மட்டும் வைக்கத் தயங்கினார். ஒருநாள் கரையோரம் நடக்கும்போது, தண்ணீர் தேய்த்துத் தேய்த்து நாற்பக்கக் கூம்பாக்கியிருந்த சிவப்புக் கல் ஒன்று கண்ணில் பட்டது. பீடம் கிடைத்துவிட்டது. பெயர்பெற்ற மருத்துவர், குடும்பஸ்தர், இப்படிச் சிறுபிள்ளை விளையாட்டில் இறங்கவேண்டியிருக்கிறதே என்று அவமானமாகத்தான் இருந்ததாம். நோயாளிகள் வரும் நேரம் ஆனதும் எழுந்து போய்விடுவார்.

அவர் எதை விட்டார், எதை விடவில்லை என்று பாருங்கள். 1914இல் பல்கலைக்கழக விரிவுரையை விட்டார். தனக்கே எல்லாம் சந்தேகமாக இருக்கும்போது பையன்களுக்குப் பாடம் சொல்வது முறையில்லை என்று பட்டது. நோயாளிகளைப் பார்ப்பதை விடவில்லை. உங்கள் வயதில், 1923இல், பொலிங்கன் என்ற சிற்றூரின் ஏரிக்கரையில் கல்லால் ஒரு கோபுர வீடு கட்டினார். மின்சாரம் கிடையாது, விறகு பிளந்து தானே சமைத்தார். அங்கேயும் குடியேறிவிடவில்லை, போய் வந்துகொண்டிருந்தார்.

நீங்கள் மொத்தமாகக் குடிபெயரப் பார்க்கிறீர்கள். மஞ்சள் ஏறக்குறைய ஒன்பது மாதப் பயிர். வெட்டி, வேகவைத்து, காயவைத்து, மெருகேற்றி, மூட்டை பிடித்து மண்டிக்குக் கொண்டுபோனால் அங்கேயும் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரும் நகைச்சுவை சொல்வார். விலை அவர் வாயில் இருக்கும்போது சிரிக்காமல் இருந்துவிடுவீர்களா?

என் கதையைச் சொல்கிறேன். 46 வயதுவரை கேட்டவர்களுக்கெல்லாம் அணிந்துரை எழுதிக்கொண்டிருந்தேன். ‘தமிழ்க் கவிதைக்குப் புதிய வாசல்’ என்று ஒரே வருடத்தில் நான்கு பேருக்கு எழுதியிருக்கிறேன். அத்தனை வாசல் வைத்தால் வீடு நிற்குமா? மேசை இழுப்பறையில் ரப்பர் பேண்டு போட்ட பிரதிகள் எப்போதும் ஐந்தாறு கிடக்கும். ஒரு பேனா எடுக்க அதைத் திறப்பதற்கே கை கூசும். ஒருநாள் அதில் ஒன்றைத் திருப்பி அனுப்பினேன். ‘இந்தக் கவிதைகள் எனக்குப் பிடிக்கவில்லை, எழுதினால் பொய்யாகிவிடும்’ என்று இரண்டு வரி. அந்த இரண்டு வரிக்கு மூன்று நாள் ஆனது. நண்பர் அதோடு பேச்சை நிறுத்திவிட்டார். எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. ஆனால் இழுப்பறையைத் திறக்க முடிகிறது. அமைதி என்று நான் கண்டது இவ்வளவுதான். (தலைக்குச் சாயம் பூசுவதை இன்னும் விடவில்லை. அது வேறு கணக்கு.)

உங்கள் இழுப்பறை எது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், போகிறபோக்கில். மண்டல மேலாளரிடம் சிரித்ததால் யாருக்கும் நஷ்டமில்லை. அந்தப் பெரியவர் கையெழுத்துப் போடுகிறாரே, அங்கேதான் ஒருவருக்குப் பணம் போகிறது. ‘ஐயா, இது உங்கள் வயதுக்கு வேண்டாம், வைப்புத்தொகையே போதும்’ என்று அடுத்த திங்கட்கிழமை ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். இலக்கு குறையும், கூட்டத்தில் எழுப்பி நிறுத்திக் கேட்பார்கள், எங்காவது மாற்றலும் வரலாம். வந்தால் அதன் விலையில் பெரும்பங்கு உங்கள் கணக்கில் ஏறும். மஞ்சள் வயலின் விலை அப்படியில்லை.

யுங்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் எம்மாவை விட்டுவிடுவார்கள். அவர் மனைவி. ஷாஃப்ஹவுசன் நகரில் கடிகாரத் தொழிற்சாலை வைத்திருந்த வசதியான குடும்பத்துப் பெண். ஏரிக்கரையில் கல் அடுக்க யுங்குக்கு ஓய்வு இருந்ததென்றால் அந்தப் பணமும் ஒரு காரணம். ஐந்து பிள்ளைகள். டோனி வோல்ஃப் என்ற பெண்ணோடு யுங்குக்கு இருந்த உறவையும் எம்மா பல ஆண்டுகள் சகித்துக்கொண்டார். யுங் தானாக வாழ்ந்ததற்கு எம்மாவும் கொடுத்திருக்கிறார். கொடுக்கச் சம்மதமா என்று முதலிலேயே கேட்டிருப்பாரா என்பது என் சந்தேகம்.

விருப்ப ஓய்வு மனுவை எழுதும் முன், எனக்கு எழுதிய கடிதத்தின் படி ஒன்றை உங்கள் மனைவியிடம் கொடுங்கள். ‘அவள் சமாளித்துக்கொள்வாள்’ என்ற வரியை அடித்துவிடாமல்.