பால்வாடி டீச்சர் ஆக என்ன படிப்பது?

அன்புள்ள ஐயா,

எனக்கு 24 வயது. குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம். பி.ஏ. தமிழ் முடித்திருக்கிறேன். அப்பாவுக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை. அம்மா வீட்டிலேயே பீடி சுற்றுகிறார். சாயங்காலமானால் தெருப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் இருப்பார்கள். சின்னப் பிள்ளைகளோடு இருக்கும் வேலையையே முறையாகக் கற்றுக்கொண்டு செய்ய வேண்டும் என்று ஆசை.

வேலூரில் ஒரு பயிற்சி நிலையத்தில் விசாரித்தேன். மூன்று மாத மான்டிசோரி கோர்ஸ், சனி ஞாயிறு மட்டும் வகுப்பு, சர்டிபிகேட் தந்து வேலையும் வாங்கித் தருவோம் என்கிறார்கள். கட்டணம் அப்பாவின் இரண்டு மாதச் சம்பளம். இந்த மாதக் கடைசிக்குள் கட்டினால் கொஞ்சம் குறைப்பார்களாம். கடன் வாங்கியாவது கட்டுகிறேன் என்கிறார் அப்பா. பெரியம்மாவோ, "புள்ள பாத்துக்கிற வேலைக்குப் படிப்பு எதுக்குடி? நாலு புள்ள பெத்தவளுக்குத் தெரியாததா?" என்கிறார். இந்த வேலைக்குப் படிப்பு தேவையா? தேவை என்றால் எதைப் படிப்பது? பணம் கட்டலாமா?

ச.,
குடியாத்தம் வட்டம்

*

அன்புள்ள ச.,

உங்கள் பெரியம்மாவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அவர் மட்டும் அப்படி நினைக்கவில்லை. ஊரே அப்படித்தான் நினைக்கிறது. பால்வாடி டீச்சருக்கும் எல்.கே.ஜி. மிஸ்ஸுக்கும் சம்பளம் இவ்வளவு குறைவாக இருப்பதற்கு இந்த நினைப்புதான் முதல் காரணம். பெண்ணாகப் பிறந்தாலே வந்துவிடும் வேலைக்குக் காசு எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கும்வரை அந்தச் சம்பளம் ஏறாது.

நாலு பிள்ளை பெற்றவருக்கு அந்த நாலு பிள்ளைகளை நன்றாகத் தெரியும். இருபது வீடுகளிலிருந்து வந்த மூன்று வயதுக் குழந்தைகள் இருபது பேரை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, யார் எதற்கு அழுகிறார்கள், யார் ஏன் பேசாமலே இருக்கிறார்கள் என்று புரிந்துகொள்வது வேறு திறமை. அதைக் கற்றுத்தான் ஆக வேண்டும். உங்கள் அப்பா வேலை பார்ப்பது போன்ற தொழிற்சாலைகளுக்காக 1948-இல் எழுதப்பட்ட சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட அவர்களுடைய குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. அந்தக் காப்பகம் குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண்களின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னது. பயிற்சி பெற்றவர் என்ற சொல்லை எழுபத்தைந்து வருஷத்துக்கு முன்னாலேயே சட்டத்தில் போட்டுவிட்டோம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று ஆயிரக்கணக்கான பெண்கள் ஷிப்ட் பஸ்ஸில் ஏறிப் போகும் நம் பக்கத்தில், அப்படிப் பயிற்சி பெற்றவர்கள் ஊருக்கு ஊர் நிறைந்திருக்க வேண்டும்.

சரி, பயிற்சியில் அப்படி என்னதான் இருக்கிறது?

ஒன்று சொல்கிறேன். நம் ஊரில் மூன்றரை வயதில் எல்.கே.ஜி. போகும் குழந்தைக்கு நாலு கோடு நோட்டில் இரண்டு பக்கம் வீட்டுப்பாடம். குழந்தை பென்சிலை முஷ்டி மடக்கிப் பிடித்துக்கொண்டு அழும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அதட்டுவார். மனிதனின் மணிக்கட்டில் எட்டு சின்ன எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு. மூன்று வயதில் இரண்டு மூன்றுதான் எலும்பாக மாறத் தொடங்கியிருக்கும். எட்டாவது எலும்பும் அப்படி மாறத் தொடங்கப் பத்துப் பன்னிரண்டு வயதாகிவிடும். விரல் தசைகளும் மெதுவாகத்தான் வலுவடையும். இது தெரிந்தவர் மூன்று வயதுக் கையில் பென்சிலைத் திணிக்க மாட்டார். புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போடச் சொல்வார். களிமண் பிசையவும், பழைய தினத்தந்தியைக் கிழித்து ஒட்டவும், நூலில் மணி கோக்கவும் விடுவார். எழுத்துப் பயிற்சி அங்கேதான் தொடங்குகிறது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு "சும்மா விளையாட விட்டிருக்காங்க" என்றுதான் தோன்றும். எது எதற்காக என்று பெற்றோரிடம் நிதானமாக விளக்கத் தெரிவதும் இந்த வேலையில் ஒரு பகுதி. என்னைக் கேட்டால் அதுதான் கஷ்டமான பகுதி.

அப்புறம் மொழி. குடியாத்தத்தில் இருக்கிறீர்கள். தமிழ் பேசும் வீட்டுக்கு அடுத்த வீட்டில் தெலுங்கு, இரண்டு தெரு தள்ளினால் உருது. பேரணாம்பட்டு பக்கம் ஒரு அங்கன்வாடியில் ஒரு காலைப் பொழுது உட்கார்ந்திருந்தேன். அன்றுதான் சேர்ந்த ஒரு சிறுமி கதவோரத்திலேயே நின்று கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். "உள்ள வாம்மா" என்று ஆயா எத்தனை முறை கூப்பிட்டும் அசையவில்லை. டீச்சர் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு போய் அவள் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து, "பானி?" என்றார். சிறுமி தலையாட்டினாள். குடித்து முடிக்கும்வரை டீச்சர் எழுந்திருக்கவில்லை. பிறகு அதே டம்ளரைக் காட்டி, "தண்ணி" என்றார், அவ்வளவுதான், திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை. மதியம் சாப்பிடும்போது அந்தச் சிறுமியே டம்ளரை நீட்டி "தண்ணி" என்றாள். வீட்டு மொழியின் மேல் ஏறித்தான் குழந்தை அடுத்த மொழிக்கு வரும். அந்த டீச்சருக்கு உருது சரளமாக வராது. குழந்தைகளுக்காகச் சில சொற்களைக் கேட்டுக் கேட்டுக் கற்று வைத்திருந்தார்.

காட்பாடி பக்கம் இன்னொரு மையத்தில் பார்த்தது. "சொன்ன பேச்சே கேக்க மாட்டான், அவங்க அப்பா மாதிரியே திமிரு" என்று ஒரு பையனைப் பற்றி வீட்டில் சொல்லியிருந்தார்கள். கதை சொல்லும்போது அவன் தன் வாயையே பார்க்கிறான் என்பதை டீச்சர் கவனித்திருக்கிறார். ஒருநாள் பிள்ளைகள் எல்லாம் சுவரைப் பார்த்துப் படம் வரைந்துகொண்டிருந்தபோது, புளியங்கொட்டை போட்ட பவுடர் டப்பாவைப் பின்னாலிருந்து குலுக்கினார். எல்லோரும் திரும்பினார்கள். அவன் திரும்பவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுப் பேசி, அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தார். மாதக்கணக்கில் காதில் சீழ் இருந்திருக்கிறது. மருந்துக்குப் பிறகு பையன் நன்றாகவே சொன்ன பேச்சு கேட்கிறான். அங்கன்வாடிக் குழந்தைகளை வருஷத்துக்கு இரண்டு முறை சோதிக்க அரசின் மருத்துவக் குழு வர வேண்டும் என்று 2013-லிருந்து திட்டம் இருக்கிறது. நல்ல திட்டம். ஆனால் அந்தக் குழு ஒரு நாள் வந்து போகும். தினமும் பார்ப்பவர் டீச்சர்தான்.

இப்போது உங்கள் கோர்ஸுக்கு வருகிறேன்.

மரியா மான்டிசோரி இத்தாலிய மருத்துவர். 1907-இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். 1939-இல் சென்னை அடையாறுக்குப் பயிற்சி நடத்த வந்தவர் உலகப் போரால் இங்கேயே தங்க நேர்ந்து, கொடைக்கானலிலும் சில காலம் இருந்தார். அவரிடம் நேரடியாகக் கற்ற இந்திய ஆசிரியர்கள் ஏராளம். அவர் முறையின் அடித்தளமே குழந்தையைக் குறுக்கிடாமல் நெடுநேரம் கவனிப்பது. ஆனால் மான்டிசோரி என்ற பெயருக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். அவரே 1929-இல் தொடங்கிய பன்னாட்டுச் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற பயிற்சிகளில் குழந்தைகளைக் கவனித்து எழுதுவதும், வகுப்பில் நின்று பழகுவதும் கட்டாயம். நீங்கள் விசாரித்த இடத்தில் இதைக் கேளுங்கள்: எத்தனை மணி நேரம் நிஜக் குழந்தைகளோடு இருப்போம்? நான் வகுப்பெடுப்பதை யார் உட்கார்ந்து பார்த்துத் திருத்துவார்? உங்கள் சர்டிபிகேட்டை யார் ஏற்கிறார்கள்? சனி ஞாயிறு வகுப்பு என்றால் முதல் கேள்விக்கே பதில் தெரிந்துவிட்டது. அந்த இரண்டு நாளும் மழலையர் பள்ளிகளில் குழந்தைகள் இருக்க மாட்டார்களே.

இந்தத் துறையில் பெரிய வேலை செய்தவர்கள் மான்டிசோரி வகுப்புகளில் வைக்கும் விலையுயர்ந்த மரக் கருவிகளை நம்பிச் செய்யவில்லை. தாராபாய் மோடக் 1945-இல் மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்தில் கூழாங்கல், இலை, விதை, ஓடு என்று கையில் கிடைத்ததை வைத்துப் பள்ளி நடத்தினார். வராத பிள்ளைகளைத் தேடி அவர்கள் வீட்டு முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டு போனார். குழந்தைக்குச் சாப்பாடு ஒரு இடம், மருத்துவம் ஒரு இடம், கல்வி ஒரு இடம் என்று பிரிக்கக் கூடாது என்று 1972-இல் மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு பரிந்துரைத்தது. அந்த வழியில்தான் 1975 அக்டோபர் 2-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் வந்தது. உங்கள் தெரு பால்வாடி அதில் ஒரு கண்ணி.

உங்களுக்கு எது பொருந்தும்? பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு, கல்விக்கென்று ஒரு வருடப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. காப்பகம் நடத்துவது, குழந்தையின் உடல்நலமும் உணவும், சிறப்புத் தேவையுள்ள குழந்தைகள் என்று மூன்று தாள்கள், அதோடு குழந்தைகளோடு சேர்ந்து செய்ய வேண்டிய செயல்திட்டம். உங்கள் நிலைமைக்கு நான் இதைத்தான் சொல்வேன். அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியராக வேண்டும் என்றால் அதற்கு இரண்டு வருட ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் தனியாக இருக்கிறது. அது ஒன்றாம் வகுப்பிலிருந்து மேலே போகிற பாதை, உங்கள் ஆசை அதற்கு முந்தைய வயதில் இருக்கிறது.

அங்கன்வாடிப் பணியைப் பற்றியும் யோசியுங்கள். 2025-இல் தமிழக அரசு ஆள் எடுத்தபோது பணியாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியும், குறைந்தது 25 வயதும் கேட்டது. உங்களுக்கு ஒரு வருஷம் இருக்கிறது. ஆடிப்பாடி விளையாடு பாப்பா என்று நம் மாநில மையங்களுக்கென்றே ஒரு பாடத்திட்டம் இருக்கிறது. பக்கத்து மையத்தில் கேட்டு வாங்கிப் படித்துப் பாருங்கள், நன்றாகவே செய்திருக்கிறார்கள். ஆனால் வேலை பாட்டும் கதையும் மட்டும் இல்லை. எடை பார்ப்பது, உயரம் அளப்பது, சத்துமாவு கொடுப்பது, முட்டைக் கணக்கு, கர்ப்பிணிகள் பதிவேடு, எல்லாவற்றையும் செல்போன் செயலியில் ஏற்றுவது என்று நாள் போய்விடும். ஒரே ஆள் தலையில் இவ்வளவையும் ஏற்றிவிட்டு, முன்பருவக் கல்வி சரியில்லை என்று அவரையே குறை சொல்வது அநியாயம். 2019-இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். பிறகு அங்கே தற்காலிகமாக அமர்த்திய சிறப்பாசிரியர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம். இதையும் தெரிந்துகொண்டுதான் இந்தத் துறைக்குள் வர வேண்டும்.

இப்போதைக்கு ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் ஊர் பால்வாடி டீச்சரிடம் கேட்டு, ஒரு மாதம் காலை நேரத்தில் போய் உட்காருங்கள். கூடமாட உதவுங்கள். ஒரே ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்து, அது என்ன செய்தது, யாரோடு விளையாடியது, எதைக் கண்டு ஒதுங்கியது என்று தினமும் அரைப் பக்கம் எழுதுங்கள். "அடம் பிடித்தான்", "சமத்தாக இருந்தாள்" என்று தீர்ப்பு எழுதக் கூடாது. கண்ணால் பார்த்தது மட்டும். அந்த ஒரு மாதத்துக்குப் பிறகும் ஆசை அப்படியே இருந்தால் பட்டயப் படிப்புக்கு விண்ணப்பியுங்கள். அந்த நோட்டை எனக்கும் அனுப்புங்கள், கட்டாயம் படிப்பேன்.

அப்பாவிடம் சொல்லிவிடுங்கள், மூன்று மாதக் கோர்ஸுக்காகக் கடன் வாங்க வேண்டாம். மாதக் கடைசிச் சலுகை போனால் போகட்டும்.

அன்புடன்